ஆபீஸ் போன் சிஸ்டத்தை மாற்றப் போறீங்களா? பட்ஜெட்டில் விட்டுப்போகும் செலவுகள் இவைதான்!

"ஒரு ஆளுக்கு மாதம் சில நூறு ரூபாய்தான்!" விளம்பரத்தில் இப்படித்தான் இருக்கும். ஆனா மூன்று வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால் செலவான தொகை வேறாக இருக்கும். பழைய எக்ஸ்சேஞ்ச் பெட்டியைக் கழற்றிவிட்டு 'யூனிஃபைட் கம்யூனிகேஷன்ஸ்' முறைக்கு மாற நினைக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்கள் பட்ஜெட்டில் எதையெல்லாம் சேர்க்கணும்? பார்க்கலாம்.

யூனிஃபைட் கம்யூனிகேஷன்ஸ் என்றால் என்ன?

ஆபீஸ் போன், வீடியோ மீட்டிங், மெசேஜ், வாய்ஸ்மெயில் என எல்லாவற்றையும் இன்டர்நெட் வழியாக ஒரே ஆப்பில் கொண்டுவருவதுதான் யூனிஃபைட் கம்யூனிகேஷன்ஸ். சுருக்கமாக யுசி. ஆபீஸ் நம்பருக்கு வரும் அழைப்பை மேஜை போனிலும் எடுக்கலாம், வெளியூரில் இருந்தபடி மொபைலிலும் எடுக்கலாம்.

பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி சொந்த வீடு மாதிரி. ஒருமுறை பணம் போட்டால் வருடக்கணக்கில் ஓடும். அதன்பிறகு லைன் வாடகை, அழைப்புக் கட்டணம், பராமரிப்புச் செலவு மட்டும்தான். கிளவுடில் இயங்கும் யுசி வாடகை வீடு மாதிரி. ஒவ்வொரு மாதமும் கட்டணம் கட்டணும். அதனால் மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், குறைந்தது மூன்று வருட மொத்தச் செலவை வைத்துத்தான் இரண்டையும் ஒப்பிடணும்.

எல்லாருக்கும் லைசென்ஸ் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. பணம் அதிகம் வீணாவது இங்கேதான்.

உதாரணத்துக்கு, 30 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம். முழு வசதி லைசென்ஸ் மாதம் 500 ரூபாய், பேச மட்டும் பயன்படும் லைசென்ஸ் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகைகள். உண்மையான விலை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.)

• 30 பேருக்கும் முழு லைசென்ஸ்: மாதம் 15,000 ரூபாய். மூன்று வருடத்துக்கு 5,40,000 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 6,37,200 ரூபாய்.

• தேவைக்கேற்ற லைசென்ஸ்: விற்பனை, நிர்வாகப் பிரிவில் 8 பேருக்கு முழு வசதி. 10 பேருக்குப் பேச மட்டும். மீதி 12 பேருக்குப் பொதுவாக 2 போன். மாதம் 6,400 ரூபாய். மூன்று வருடத்துக்கு ஜிஎஸ்டியுடன் 2,71,872 ரூபாய்.

வித்தியாசம் மட்டும் 3,65,328 ரூபாய்! அதனால் கொட்டேஷன் கேட்கும் முன், யார் வெளியே பேசுகிறார்கள், யாருக்கு வீடியோ மீட்டிங் தேவை என்று ஒரு பட்டியல் போடுங்க.

இன்னொரு விஷயம். வழக்கமான ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனங்கள், கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்களுக்கு வரியும் செலவுதான்.

கொட்டேஷனில் வராத செலவுகள் என்னென்ன?

1. இன்டர்நெட்: ஒரு குரல் அழைப்புக்கு இரு திசையிலும் தலா சுமார் 100 கேபிபிஎஸ் போதும். ஒரே நேரத்தில் 10 பேர் பேசினாலும் 1 எம்பிபிஎஸ்தான். எச்டி வீடியோ மீட்டிங் என்றால் ஒரு இணைப்புக்கே 2 முதல் 4 எம்பிபிஎஸ் வரை ஆகலாம். வேகத்தைவிடப் பெரிய பிரச்சினை, லைன் அறுந்துபோவது. இன்டர்நெட் போனால் ஆபீஸ் போனும் போச்சு. அதனால் வேறொரு நிறுவனத்தின் இரண்டாவது லைனையும் பட்ஜெட்டில் சேருங்க.

2. மின்சாரம்: சாதாரண செம்புக் கம்பி லேண்ட்லைனுக்குத் தேவையான மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்தே வரும். அதனால்தான் கரண்ட் போனாலும் அந்த போன் வேலை செய்யும். ஐபி போன் அப்படியில்லை. போன், ரவுட்டர், ஸ்விட்ச் எல்லாவற்றுக்கும் யுபிஎஸ் வேணும்.

3. கருவிகள்: ஐபி போன், ஹெட்செட், ஸ்விட்ச், கேபிள் வேலை. எல்லாருக்கும் மேஜை போன் வேண்டாம். லேப்டாப்பில் வேலை செய்பவருக்கு நல்ல ஹெட்செட் போதும்.

4. பழைய நம்பர்: மொபைல் நம்பரைப் போல லேண்ட்லைன் நம்பரை வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்யும் வசதி இந்தியாவில் இல்லை. பெயர்ப்பலகை, பில் புத்தகம், விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் இருப்பது பழைய நம்பர்தான். அதை உடனே சரண்டர் செய்தால் பழைய வாடிக்கையாளரின் ஆர்டர் கைவிட்டுப் போகலாம். சில மாதங்களுக்காவது பழைய லைனை வைத்திருந்து, புது நம்பருக்கு அழைப்பைத் திருப்பிவிடும் செலவைச் சேர்த்துக்கோங்க.

5. பயிற்சி: அழைப்பை மாற்றிவிடத் தெரியாமல் ரிசப்ஷனில் கட் ஆனால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஒரு நாள் பயிற்சிக்காவது பணம் ஒதுக்குங்க.

மேலே சொன்ன அதே நிறுவனத்தில் இரண்டாவது இன்டர்நெட் மூன்று வருடத்துக்கு 54,000, போன்கள் 40,000, ஸ்விட்ச் மற்றும் யுபிஎஸ் 40,000, கேபிள், பயிற்சி, பழைய லைன் 30,000 என்று வைத்தால் மொத்தம் 1,64,000 ரூபாய். லைசென்ஸ் செலவில் சுமார் 60%! ஆக உண்மையான பட்ஜெட் 4,35,872 ரூபாய். அழைப்புக் கட்டணம் தனி என்றால் அதையும் கூட்டணும்.

விலை மலிவு என்றால் வாங்கிவிடலாமா?

ஒரு நிமிடம் பொறுங்க. இந்தியாவில் சாதாரண மொபைல், லேண்ட்லைன் நம்பர்களோடு இணைக்கும் சேவையை, உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனம் வழியாகத்தான் தர முடியும். உரிமம் இல்லாத மலிவு சேவையை வாங்கினால், ஒருநாள் திடீரென நம்பரே செயல்படாமல் போகலாம். சட்டச் சிக்கலும் வரும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

• ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் பேசலாம்? (பழைய பிஆர்ஐ லைனில் 30 வரை பேசலாம்.)
• வெளி அழைப்புகள் பேக்கேஜில் அடங்குமா, தனிக் கட்டணமா?
• கால் ரெக்கார்டிங்கைச் சேமிக்க தனிப் பணமா? எத்தனை நாள் இருக்கும்?
• நடுவில் ஆட்கள் குறைந்தால் லைசென்ஸைக் குறைக்க முடியுமா?
• இரண்டாவது வருடம் கட்டணம் எவ்வளவு உயரும்? விலகினால் நம்பர் யாருக்கு?

பதில்களை வாய்வார்த்தையாக வாங்காமல் எழுத்தில் வாங்குங்க. முதலில் ஐந்து பேருக்கு மட்டும் ஒரு மாதம் போட்டுப் பாருங்க. அழைப்பு தெளிவாகக் கேட்கிறதா, கரண்ட் போனால் என்ன ஆகிறது என்று தெரிந்த பிறகு மீதிப் பேருக்கு வாங்கினால் போதும்.