சிறுநீரக நோயில் ஹார்மோன் குலைவும் மனச்சோர்வும்

"அசதியா இருக்கு, சாப்பாடு இறங்கல, ராத்திரி தூக்கமே இல்ல." டயாலிசிஸ் படுக்கையில் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. இந்த மூன்றும் ரத்தத்தில் கழிவு தேங்குவதாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். கிரியாட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்ப்பதோடு விசாரணை முடிந்துவிட்டால், மனச்சோர்வு யார் கண்ணிலும் படாமலே போய்விடும்.

டயாலிசிஸ் செய்துகொள்வோரைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2013இல் ஒரு பகுப்பாய்வு வெளியானது. கேள்வித்தாள் வழியே பார்த்தபோது சுமார் 39% பேரிடம் மனச்சோர்வு தெரிந்தது. நேர்காணல் வழியே உறுதியானது சுமார் 23%. அசதியும் பசியின்மையும் கேள்வித்தாளில் மனச்சோர்வின் கணக்கில் சேர்வது இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டாலும் ஐந்தில் ஒருவருக்கு மேல்.

சிறுநீரகம் வடிகட்டி மட்டுமல்ல, ஹார்மோன் சுரக்கும் உறுப்பும்கூட. எலும்பு மஜ்ஜையை ரத்த அணுக்கள் உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபொய்டின் பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது. அது குறைந்தால் ரத்தசோகை வரும். மாடி ஏறவே மலைப்பாகும். இந்த ஹார்மோனின் ஊசிக்கு அமெரிக்காவில் 1989இல் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு பலர் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டே காலம் தள்ளினார்கள். ஆனால் ஹீமோகுளோபினை 13 வரை ஏற்ற முயன்ற ஒரு பெரிய ஆய்வில் பக்கவாதம் ஏறத்தாழ இரு மடங்கானது. அசதியோ சிறிதளவே குறைந்தது. 2009இல் வந்த அந்த முடிவுக்குப் பின் மருத்துவர்கள் அளவோடு நிறுத்துகிறார்கள்.

சிறுநீரகத்தில் வைட்டமின் டி செயல்வடிவம் பெறுவது குறைய, பாராதைராய்டு ஹார்மோன் ஏறி எலும்பு வலிக்கும், அரிப்பும் சேரும். தைராய்டுச் சுரப்பு குறைந்தாலும் மந்தம்தான்.

இவற்றையாவது நோயாளி சொல்வார். புரோலாக்டின் ஏறி, டெஸ்டோஸ்டிரோன் குறைந்து, ஆணுக்கு நாட்டம் வற்றுவதையும் பெண்ணுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறுவதையும் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மருத்துவர்தான் கேட்டாக வேண்டும்.

எல்லாப் பழியையும் ஹார்மோன்மேல் போட முடியாது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் டயாலிசிஸ், அளந்து குடிக்கும் தண்ணீர், கைவிட்டுப்போன வேலை: இவையும் மனதை அரிப்பவை.

மனச்சோர்வுக்கான மாத்திரையின் பலன் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. டயாலிசிஸ் நிலையை எட்டாத 201 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில் செர்ட்ராலின் என்ற மாத்திரை போலி மாத்திரையைவிட மேலாக அமையவில்லை. டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில் அது பேச்சுவழிச் சிகிச்சையைவிடச் சற்றே கூடுதல் பலன் தந்தது; பக்கவிளைவுகளும் கூடுதல்.

மாற்றுச் சிறுநீரகம் பொருந்திய பின் பலருக்கு மாதவிடாய் சீராகிறது, கருத்தரிக்கவும் முடிகிறது. அப்போது தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரை மனநிலையைக் குலைக்கக்கூடும் என்பதை வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.