ஓடலாம், ஆணையிடலாகாது!

அமெரிக்க நாட்டில் கால்பந்து என்றால் நம் ஊர்த் திடலில் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், எதிர்ப்போரை உடலால் மோதி வீழ்த்துவதுமே அவர்கட்குக் கால்பந்து. அந்த ஆட்டம் வளர்ந்த இடம் கல்லூரி. 1869 நவம்பர் 6ஆம் நாள், நியூஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ் கல்லூரி மாணவரும் பிரின்ஸ்டன் கல்லூரி மாணவரும் ஆடிய ஆட்டத்தையே அதன் தொடக்கமாக வரலாறு குறிக்கிறது. அடிமைமுறையைச் சட்டம் ஒழித்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த இரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்குமாறு தோழர்களை வேண்டுகிறோம். ஏனெனில், அந்த ஆட்டத்தின் வரலாறு அந்த விடுதலையின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

ஆட்டம்தானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஓர் இலட்சம் பேர் அமரும் அரங்குகளைக் கல்லூரிகள் கட்டி வைத்திருக்கும் நாடு அது. பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுவோருள் மிகுதியாகப் பெறுபவர் ஆளுநர் அல்லர். அரசுப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரே! பணமும் புகழும் செல்வாக்கும் குவிந்து கிடக்கும் பீடம் அது. அந்தப் பீடத்துக்கு ஏறும் படிகள் மூன்று. முதற்படி, ஆட்டக்காரர். இரண்டாம் படி, துணைப் பயிற்சியாளர். மூன்றாம் படி, தலைமைப் பயிற்சியாளர். எந்தப் படிவரை யாரை ஏறவிட்டார்கள்? எந்தப் படியில் யாரைக் கைபிடித்து நிறுத்தினார்கள்? இதுவே நம் கேள்வி.

முதலில் வில்லியம் ஹென்றி லூயிஸ் என்பாரைக் காண்போம். 1868இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் பெற்று, ஹார்வர்டில் சட்டம் பயின்றார். பந்தை முதலில் தொட்டு ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் நடு இடம் அவருடையது. நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் 1892, 1893 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவர் பெயர் இடம்பெற்றது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் கறுப்பர் அவரே.

அதே 1893ஆம் ஆண்டில், ஹார்வர்டை ஒட்டிய முடிதிருத்தும் நிலையமொன்றில் அவருக்கு முடிவெட்ட மறுத்தார்கள்! நாடு போற்றும் ஆட்டக்காரர், சட்டம் பயிலும் மாணவர்; எனினும் தோல் கறுப்பு. லூயிஸ் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார். பொது இடங்களில் நிறவேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டம் விரிவடைவதற்கு வழி செய்தார்.

பின்னர் 1895 முதல் 1906 வரை ஹார்வர்டு அணிக்கு அவர் துணைப் பயிற்சியாளர். 1896இல் இந்த ஆட்டத்தின் நுட்பங்களை விளக்கி ஒரு நூலே எழுதினார். 1911இல் அமெரிக்க அரசின் உதவித் தலைமை வழக்கறிஞர் பதவியிலும் அமர்ந்தார். நாம் நினைவில் இருத்த வேண்டிய ஆண்டு 1895. அந்த ஆண்டிலேயே கறுப்பர் ஒருவர், செல்வர் வீட்டு வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஆட்டத்தின் அறிவைக் கற்பித்தார், அவர்களும் கற்றுக்கொண்டார்கள். வானம் இடிந்து விழவில்லை.

அடுத்தவர் பால் ரோப்சன். அடிமைத்தளையை அறுத்துத் தப்பியோடி வந்த ஒருவரின் மகன். தேர்வெழுதி உதவித்தொகை பெற்று 1915இல் ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அணியில் சேர முயன்ற முதல் நாட்களில், உடன் ஆடவேண்டிய வெள்ளை மாணவர்களே அவர் மூக்கை உடைத்தார்கள். அவர் விலகி ஓடவில்லை. மீண்டும் வந்தார், அணியில் இடம் பெற்றார். 1916இல் கல்லூரியின் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவை ஒட்டி ஓர் ஆட்டம். கறுப்பர் களத்தில் இருந்தால் ஆடமாட்டோம் என்றது தெற்கிலிருந்து வந்த வாஷிங்டன் லீ அணி. ரட்கர்ஸ் என்ன செய்தது? பணிந்தது! ரோப்சன் களத்துக்கு வெளியே அமர்த்தப்பட்டார். ஆயினும் 1917, 1918 ஆகிய ஆண்டுகளில் அவர் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவர் என்று அறிவிக்கப்பட்டதை எவராலும் தடுக்க முடியவில்லை.

படிப்பு முடிந்தபின் பென்சில்வேனியாவிலுள்ள லிங்கன் பல்கலைக்கழகத்தில் அவர் துணைப் பயிற்சியாளரானார். அது கறுப்பர்க்கென அமைந்த கல்வி நிலையம். அங்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பிரிட்ஸ் பொல்லார்டும் பெரும் ஆட்டக்காரர். 1916ஆம் ஆண்டின் முதல் நாளில், புகழ்பெற்ற ரோஸ் பவுல் போட்டியில் பிரவுன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். அப்போட்டியில் ஆடிய முதல் கறுப்பர். ஒரே ஊதியத்தில் இரு மேதைகளைப் பெறுமளவு பேறு பெற்றதா லிங்கன் பல்கலைக்கழகம்? இல்லை, தோழர்களே! இவர்களுக்கென விரிந்து கிடந்த வாசல்கள் அவ்வளவு குறைவு.

ரோப்சன் பின்னர் உலகம் போற்றும் பாடகரானார், நடிகரானார், உரிமைக்குரல் எழுப்பினார். 1950இல் அரசு அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தது. அது திரும்பக் கிடைக்க 1958 ஆயிற்று. கல்லூரிக் கால்பந்துப் புகழ்மன்றத்தில் அவர் பெயர் ஏறியதோ 1995இல். அவர் மறைந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்!

தெற்கத்திய அணியோடு மோதும்போது வடக்கத்தியக் கல்லூரிகள் தம் கறுப்பு ஆட்டக்காரரை ஊரிலேயே விட்டுவிட்டுச் செல்வது பல ஆண்டுகள் வழக்கமாயிருந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் கனவான்கள் உடன்பாடு. எழுதிக் கையொப்பமிட்ட ஆவணம் ஏதுமில்லை. கண்சாடையிலே ஒரு மனிதனின் உரிமை மறைந்தது. கனவான்களாம்!

களத்தில் இறங்கியவர்க்கோ உயிருக்கே கேடு. அயோவா மாநிலக் கல்லூரியின் முதல் கறுப்பு ஆட்டக்காரர் ஜாக் டிரைஸ். 1923 அக்டோபர் 6ஆம் நாள் மின்னசோட்டா அணியோடு ஆடுகையில் மிதிபட்டுக் காயமுற்றார்; இரண்டு நாட்களில் உயிர் நீத்தார். ஆட்டத்துக்கு முந்திய இரவில் அவர் எழுதி வைத்திருந்த குறிப்பு பின்னர் கிடைத்தது. தம் இனத்தின் மதிப்பும் தம் குடும்பத்தின் மதிப்பும் தம் தோளில் இருப்பதாக அதில் எழுதியிருந்தார். ஓர் இளைஞன் விளையாடப் போகிறான்; தோளில் ஓர் இனத்தையே சுமந்து செல்கிறான். வெள்ளை இளைஞன் எவனுக்கும் அந்தச் சுமை இல்லை. 1997இல் அக்கல்லூரி தன் அரங்கத்துக்கு டிரைஸ் பெயரைச் சூட்டியது.

வெள்ளையர் கல்லூரிகள் கதவடைத்த நாளில் கறுப்பர் என் செய்தனர்? தமக்கெனக் கண்ட கல்லூரிகளிலே தாமே களம் அமைத்தனர். 1892 டிசம்பரிலேயே வட கரோலினாவில் பிடில், லிவிங்ஸ்டன் என்னும் கறுப்பர் கல்லூரிகள் இரண்டு மோதின. அந்த மரபிலே எழுந்த பெருமகன் எடி ராபின்சன். குத்தகை வயலில் உழைத்தவர் தந்தை. பிறர் வீட்டில் பணி செய்தவர் தாய். கல்லூரி முடித்து, தீவன ஆலையில் மணிக்கு இருபத்தைந்து காசு கூலிக்கு உழைத்துக்கொண்டிருந்த ராபின்சன், 1941இல் லூசியானாவில் கிராம்பிளிங் என்னும் சிறிய கறுப்பர் கல்லூரியின் பயிற்சியாளரானார். திடலின் புல்லை வெட்டினார். அடிபட்ட காலுக்குக் கட்டுப் போட்டார். ஆட்டச் செய்தியைத் தாமே எழுதி நாளிதழுக்கு அனுப்பினார். 1997 வரை அதே கல்லூரியில் பணியாற்றி 408 வெற்றிகள் கண்டார். அவர் ஆளாக்கிய இருநூறுக்கும் மேற்பட்டோர் தொழில்முறை அணிகளில் ஆடினர். 1985இல் அலபாமாவின் பெரும்புகழ்ப் பயிற்சியாளர் பிரையன்ட்டின் வெற்றிக் கணக்கையும் கடந்தார். ஆனால், வெள்ளையர் பெரும் பல்கலைக்கழகம் எதிலும் அவர் தலைமைப் பயிற்சியாளராக அமர்ந்ததில்லை.

மெல்ல மெல்லத் தெற்கின் கதவு அசைந்தது. 1956 சனவரியில் சுகர் பவுல் போட்டி. பிட்ஸ்பர்க் அணியில் பாபி கிரியர் என்னும் கறுப்பர். அவர் ஆடும் களத்தில் ஜார்ஜியா டெக் அணி இறங்கலாகாது என்றார் ஜார்ஜியாவின் ஆளுநர் கிரிபின். அக்கல்லூரியின் வெள்ளை மாணவர்களே அட்லாண்டா வீதியில் திரண்டு ஆளுநரின் கொடும்பாவியைக் கொளுத்தினர்! அவர்களுள் பலருக்கு ஆட்டம் நின்றுவிடக் கூடாது என்பதே கவலை. நீதி உணர்ச்சி அன்று. ஆயினும் ஆட்டம் நடந்தது, கிரியர் ஆடினார்.

தென்கிழக்குக் கூட்டணி என்பது தெற்கின் பெரும் பல்கலைக்கழகங்கள் 1932இல் அமைத்த அமைப்பு. அதன் ஆட்டமொன்றில் முதல் கறுப்பர் காலடி வைக்க 1967 செப்டம்பர் 30 வரை ஆயிற்று. கென்டக்கியின் நேட் நார்திங்டன் அவர். அவருடன் சேர்ந்த மற்றொரு கறுப்பு இளைஞர் கிரெக் பேஜ், பயிற்சியில் கழுத்தில் அடிபட்டு, அதற்கு முந்திய இரவில்தான் இறந்திருந்தார். அறைத் தோழனின் சாவுச் செய்தியை நெஞ்சில் சுமந்து களமிறங்கினார் நார்திங்டன்.

1970இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த அணி, சாம் கன்னிங்ஹாம் என்னும் கறுப்பரின் ஆற்றலால், அலபாமாவை அதன் சொந்த மண்ணில் 42க்கு 21 என வீழ்த்தியது. அந்த ஒரு மாலையே அலபாமாவின் நிறவெறியைப் போக்கிற்று என்று கதை சொல்வார்கள். கதை இனிக்கிறது, உண்மை வேறு. முந்திய ஆண்டிலேயே அங்குப் பயின்ற கறுப்பு மாணவர்கள், அணியில் கறுப்பர்க்கு இடமில்லாமை குறித்து நீதிமன்றம் சென்றிருந்தனர். வில்பர் ஜாக்சன் என்னும் கறுப்பு இளைஞரும் அந்த ஆட்டத்துக்கு முன்னரே அக்கல்லூரியில் சேர்ந்துவிட்டிருந்தார். ஆதிக்கம் ஒரு மாலையில் மனம் திருந்துவதில்லை. வழக்கும் போராட்டமும் வாசலில் வந்து நின்றபிறகே இடம் கொடுக்கிறது.

முதற்படி திறந்தது. இனித்தான் நம் கேள்வியின் நெஞ்சுக்கு வருகிறோம். ஓடுவதற்கு அழைத்தார்கள், ஆணையிடுவதற்கு அழைத்தார்களா?

துணைப் பயிற்சியாளர் எல்லாரும் ஒரு நிலையினர் அல்லர். தாக்குதல் திட்டத்தையும் காப்புத் திட்டத்தையும் வகுக்கும் இருவரே தலைமைக்கு அடுத்தவர்கள். அவர்களிலிருந்துதான் பெரும்பாலும் தலைமைப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். கறுப்பர்க்கோ பெரிதும் கிடைத்தவை வேறு பணிகள். பந்தேந்தி ஓடுவோர்க்குப் பயிற்சி தருதல். பந்தைப் பிடிப்போர்க்குப் பயிற்சி தருதல். கறுப்பர் வீடுகளுக்குச் சென்று, தாய்மாரிடம் பேசி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அழைத்து வருதல். திட்டம் வகுக்கும் அறைக்குள் இடமில்லை. பின்னர், திட்டம் வகுத்த பட்டறிவு இல்லை என்று தலைமைப் பதவியும் இல்லை! கதவையும் அடைத்துவிட்டு, உள்ளே வரவில்லையே என்று குற்றமும் சாட்டும் தந்திரம் இது. லூயிஸ் ஹார்வர்டில் பயிற்சி தந்தது 1895இல். முதன்மைப் பிரிவில் ஒரு பல்கலைக்கழகம் கறுப்பர் ஒருவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது 1979இல். விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லி ஜெப்ரிஸ். இடையில் எண்பத்து நான்கு ஆண்டுகள்!

இந்தப் படியின் வரலாற்றை ஒரே வாழ்வில் காண விரும்புவோர் சில்வெஸ்டர் குரூமைக் காணட்டும். கிறித்தவப் போதகரின் மகன். பிறந்து வளர்ந்தது அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசா நகரில். 1963இல் கறுப்பு மாணவர் நுழைவதைத் தடுக்க ஆளுநர் வாலஸ் அப்பல்கலைக்கழக வாயிலில் நின்றபோது குரூம் சிறுவன். பின்னர் அதே பல்கலைக்கழகத்தில், லூயிஸ் ஆடிய அதே நடு இடத்தில் ஆடி, 1974இல் தலைசிறந்தோர் பட்டியலில் இடம்பெற்றார். 1976இல் துணைப் பயிற்சியாளரானார். அலபாமாவில் பதினோர் ஆண்டுகள். தொழில்முறை அணிகளில் மேலும் பல ஆண்டுகள். ஆக மொத்தம் இருபத்தேழு ஆண்டுகள் துணை, துணை, துணை!

2003இல் அலபாமாவின் தலைமைப் பதவி காலியாயிற்று. குரூம் விண்ணப்பித்தார். பதவி கிடைத்தது மைக் ஷூலாவுக்கு, வெள்ளையர், அதே கல்லூரியின் பழைய ஆட்டக்காரர், குரூமினும் பத்தாண்டு இளையவர், அதற்குமுன் எங்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் அல்லர். அந்த ஆண்டின் இறுதியில் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம் குரூமை அழைத்தது. தென்கிழக்குக் கூட்டணியின் எழுபதாண்டு வரலாற்றில் முதல் கறுப்புத் தலைமைப் பயிற்சியாளர்! 2007இல் அக்கூட்டணியின் சிறந்த பயிற்சியாளர் விருது அவரைத் தேடி வந்தது, மறு ஆண்டு அணி சரிந்தது, பதவி துறந்தார். வெற்றி தோல்வி எவர்க்கும் உண்டு. முயன்று பார்க்கும் வாய்ப்பே மறுக்கப்படுவதுதான் அநீதி.

2025 சனவரி 20ஆம் நாள், மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறையன்று, நோட்ரடேம் அணியைத் தேசிய இறுதி ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றார் மார்கஸ் பிரீமன். தந்தை கறுப்பர், தாய் கொரியர். இறுதிக் களத்தில் தலைமைப் பயிற்சியாளராக நின்ற முதல் கறுப்பர் அவரே. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திடம், அதாவது தாம் ஆடிய பழைய கல்லூரியிடமே, 34க்கு 23 எனத் தோற்றார். அவர் அங்கு வந்து நின்றது எப்படி? சின்சினாட்டியிலும் நோட்ரடேமிலும் காப்புத் திட்டம் வகுக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்திருந்தது. திறமை பிறப்பில் இல்லை. பொறுப்பில் வளர்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இன்றும் முதன்மைப் பிரிவின் ஆட்டக்காரருள் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பர். தலைமைப் பயிற்சியாளருள் ஐந்தில் ஒருவர்கூடக் கறுப்பர் அல்லர். கால்கள் வேண்டும், தோள்கள் வேண்டும். மூளை மட்டும் ஐயத்துக்குரியது என்னும் பழைய எண்ணம் இன்னும் முற்றிலும் மாயவில்லை.

இளைஞர்களே! எந்த நாட்டில், எந்தத் துறையில், எவர் உள்ளே வந்துவிட்டார் என்று முழக்கம் கேட்டாலும், ஒன்றை மறவாமல் கேளுங்கள்: உள்ளே வந்தவர் எந்தப் படியில் நிற்கிறார்? உழைப்பதற்கு இடம் தந்தவர்கள், முடிவெடுப்பதற்கும் இடம் தந்தார்களா? கைதட்டல் பெறுவது சமத்துவம் அன்று. கட்டளையிடும் இடத்திலும் பங்கு பெறுவதே சமத்துவம்.