ஒரு சாலை, இரண்டு வரலாற்றுப் புத்தகங்கள்: கோட்டக்குப்பத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிப்பது

கோட்டக்குப்பத்திலிருந்து தெற்கே நடந்தால் சில நிமிடங்களில் முத்தியால்பேட்டை வந்துவிடும். நடுவில் ஆறு இல்லை, மலை இல்லை. கடைப் பலகையில் "விழுப்புரம் மாவட்டம்" என்பது மாறி "புதுச்சேரி" என்று வந்தால் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். பெட்ரோல் விலை மாறும், பஸ்ஸின் நிறம் மாறும். இப்போது பத்தாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகமும் மாறுகிறது.

புதுச்சேரிக்குச் சொந்தமாகத் தேர்வு வாரியம் கிடையாது. புதுச்சேரி, காரைக்காலில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாஹேயில் கேரளப் பாடத்திட்டம், ஏனாமில் ஆந்திரப் பாடத்திட்டம் என்றுதான் பல காலம் ஓடியது. 2024-25 கல்வியாண்டோடு அங்குள்ள அரசுப் பள்ளிகள் முழுக்க சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. அதனால் ஒரே தெருவில், ஒரே மாடிப்படியில் உட்கார்ந்து படிக்கிற இரண்டு பிள்ளைகள் இரண்டு வேறு வரலாறுகளைப் படிக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு மாலையில் சமூக அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டி வந்தது அப்படித்தான். அப்போது எடுத்த குறிப்புகள்தான் இவை.

தேர்வு என்ன கேட்கிறது?

தமிழ்நாட்டுப் புத்தகத்தில் வரலாறு மட்டும் 10 அலகுகள். முதல் உலகப்போரில் தொடங்கி, சமய சீர்திருத்தம், பாளையக்காரர், 1806 வேலூர்ப் புரட்சி, காந்தியின் காலம், தமிழ்நாட்டில் விடுதலைப் போராட்டம் என்று வந்து, தமிழ்நாட்டின் சமூக மாற்றங்களில் முடியும். சமூக அறிவியல் வினாத்தாள் 100 மதிப்பெண்: ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, எட்டு மதிப்பெண்ணில் 2. 35 எடுத்தால் பாஸ்.

சி.பி.எஸ்.இ. பக்கம் வரலாறு 5 பாடங்கள்தான்: ஐரோப்பாவில் தேசியவாதம், இந்தியாவில் தேசியவாதம், உலகம் ஒரே சந்தையாக ஆன கதை, தொழில்மயமாக்கம், அச்சுப் பண்பாடு. எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண். அதில் வரலாற்றுக்கு 20.

ஒன்றில் செய்தி அதிகம், இன்னொன்றில் செய்தி குறைவு, விளக்கம் அதிகம். ஆனால் பசங்க படிக்கிற முறை மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். கைடில் உள்ள பதிலை மனப்பாடம் பண்ணுவது. "சார், இது எத்தனை பாயின்ட் எழுதணும்?" என்பதுதான் முதல் கேள்வி. ஏன் நடந்தது என்பது கடைசிக் கேள்வியாகக்கூட வருவதில்லை.

மனப்பாடத்தை நான் குறை சொல்லவில்லை. ஆண்டும் பெயரும் தெரியாமல் வரலாறு எழுத முடியாது. ஆனால் மாட்டுவதற்கு ஆணி இல்லாமல் சட்டையை மட்டும் சுவரில் வைத்தால் கீழேதான் விழும். கோட்டக்குப்பத்துப் பிள்ளைக்கு ஆணி வெளியே தேட வேண்டியதே இல்லை. எல்லைக் கோடும் மரக்காணத்து உப்பளமும் போதும்.

உப்பை எடுத்துக்கொள்வோம்

இரண்டு புத்தகத்திலும் உப்பு சத்தியாகிரகம் உண்டு. 1930 மார்ச் 12 சபர்மதியில் புறப்பாடு, 78 பேர், 24 நாள், ஏப்ரல் 6 தண்டியில் சட்ட மீறல். இதுவரை இரண்டும் ஒன்று. அதன்பின் பிரிகிறது. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் ராஜாஜி ஏப்ரல் 13 திருச்சியிலிருந்து கிளம்பி, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தது வரும். வழியில் தொண்டர்களுக்குச் சோறு போடக் கூடாது என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியதும், உப்புச் சட்டத்தை மீறித் தண்டனை பெற்ற முதல் பெண் ருக்மிணி லட்சுமிபதி என்பதும் வரும். சி.பி.எஸ்.இ. வரைபடக் கேள்விக்கான இடங்களின் பட்டியலில் தண்டி இருக்கிறது, வேதாரண்யம் இல்லை.

சரி. உப்புக்கு எதற்கு இவ்வளவு பெரிய போராட்டம்? இதைப் பிள்ளைகளிடம் கேட்டால், "வரி போட்டாங்க சார்" என்பார்கள். அதற்கு மேல் போகாது. இங்கேதான் மரக்காணம் உதவுகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் சாலையோரம் பாத்தி பாத்தியாக உப்பளம். கழிவெளித் தண்ணீர், வெயில், வாருகிற ஆள். இவ்வளவுதான் முதலீடு. மழை பிடித்தால் வேலை நின்றுவிடும். இப்படி இயற்கை சும்மா தருகிற ஒன்றை அரசாங்கம் எப்படித் தன் சொத்தாக்க முடியும்? சென்னை மாகாணத்தில் 1805-ல் கம்பெனி அதைச் செய்தது. உப்பு காய்ச்சுகிறவர் அரசாங்கத்துக்குத்தான் விற்க வேண்டும், அரசாங்கம் வைத்த விலையில்தான் மக்கள் வாங்க வேண்டும்.

இதில் கம்பெனிக்கு ஒரு தலைவலி: பாண்டிச்சேரி. நெப்போலியன் போர்களின்போது ஆங்கிலேயர் கையில் இருந்த அந்த ஊரை மறுபடி பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைக்க வேண்டிய நேரம். அங்கேயும் கடல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, உப்பளம் இருக்கிறது. அந்தப் பக்கம் விலை குறைந்தால் இந்தப் பக்கம் எவன் அரசாங்க உப்பை வாங்குவான்? ராத்திரியில் தலைச்சுமையாகவே எல்லை தாண்டிவிடும்.

அதற்கு 1815-ல் லண்டனில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பிரெஞ்சுப் பகுதிகளில் விளைகிற உப்பை வாங்கும் தனி உரிமை ஆங்கிலேயருக்கு. பதிலுக்கு பிரான்ஸுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். அதுவும் போதாமல் 1818-ல் இன்னொரு உடன்பாடு: பிரெஞ்சுப் பகுதியில் உப்பு விளைவிப்பதையே நிறுத்துவது, உப்பள உடைமையாளர்களுக்கு நஷ்டஈடாக ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் கொடுப்பது.

இந்தச் சேதியைச் சொன்ன அன்று ஒரு பையன் கேட்டான்: "அப்போ உப்பு விளைவிக்காம இருக்கறதுக்குக் காசு கொடுத்தாங்களா சார்?" ஆமாம். சும்மா இருக்க இவ்வளவு காசு கொடுக்கலாம் என்றால், உப்பு வரியில் எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று யோசித்தால் போதும். ஏழை, பணக்காரன், இந்து, முஸ்லிம் எல்லார் வீட்டிலும் தினமும் தேவைப்படுகிற பொருள். காந்தி ஏன் உப்பைத் தேர்ந்தெடுத்தார் என்கிற ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும். 1931 மார்ச் 5 காந்தி-இர்வின் ஒப்பந்தத்தில், கடலோர கிராமத்து மக்கள் தங்கள் தேவைக்கு உப்பு எடுக்கலாம் என்ற வரி ஏன் முக்கியம் என்பதும் புரியும்.

எல்லை யாருக்கு உதவியது?

பாண்டிச்சேரி புரட்சியாளர்களின் புகலிடமாக இருந்தது என்று தமிழ்நாட்டுப் புத்தகம் சொல்கிறது. பாரதி 1908-ல் வந்தார். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4-ல் வந்தார். அதே ஆண்டில் வ.வே.சு. ஐயர். பெயர்களை எழுதிவிடுவார்கள். ஏன் இங்கே என்று கேட்டால் தடுமாற்றம்.

முத்தியால்பேட்டைக்கு நடந்து போய் வருகிற பிள்ளைக்கு இதை ஒரு நிமிஷத்தில் விளக்கலாம். ஆங்கிலேயப் போலீஸின் கைது வாரண்ட் கோட்டக்குப்பம் வரைதான் செல்லும். அந்தக் கோட்டைத் தாண்டினால் பிரெஞ்சுச் சட்டம். ஒற்றர் போகலாம், விலங்கு போட முடியாது. இதற்கு மறுபக்கம் 1918 நவம்பர் 20. பாரதி பாண்டிச்சேரியை விட்டுக் கிளம்பி, தெற்கே கடலூர் அருகே ஆங்கிலேயர் எல்லைக்குள் கால் வைத்ததும் கைதானார். பத்து வருஷம் ஒரு மனிதரைக் காப்பாற்றிய கோடு, தாண்டிய அன்றே கைவிட்டது.

அடுத்து விடுதலை நாள். 1947 ஆகஸ்ட் 15 அன்று, அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த கோட்டக்குப்பம் சுதந்திர இந்தியா. சில நிமிட நடையில் முத்தியால்பேட்டை பிரெஞ்சு இந்தியா. 1949-ல் சுங்க உடன்பாட்டை இந்தியா முடித்துக்கொண்டபின் எல்லையில் சோதனை கடுமையானது. 1954 அக்டோபர் 18-ல் வில்லியனூரைத் தாண்டி இருக்கிற கீழூரில் வாக்கெடுப்பு. பொதுமக்கள் இல்லை, மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. கணக்குப் பார்த்தால் கோட்டக்குப்பத்துக்கும் முத்தியால்பேட்டைக்கும் நடுவே பதினைந்து வருஷமும் ஒரு நாளும்.

புதுச்சேரிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 16, நவம்பர் 1 மூன்று தேதியும் தெரியும். ஆனால் எதற்கு மூன்று என்று கேட்டால் முழிப்பார்கள்.

உலகப் பாடங்கள்கூட இங்கேதான்

முதல் நான்கு அலகுகளைத்தான் பிள்ளைகள் ரொம்ப வெறுக்கிறார்கள். சரயேவோ, வெர்செய்ல்ஸ், ஜெனீவா... எல்லாம் எங்கேயோ இருக்கிற ஊர். ஆனால் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகில் இருக்கிற வெள்ளைத் தூண்கள், முதல் உலகப்போரில் பிரான்ஸுக்காக உயிர் விட்ட பிரெஞ்சு இந்திய வீரர்களின் நினைவுச் சின்னம். ஞாயிற்றுக்கிழமை அதன் எதிரே ஐஸ்க்ரீம் சாப்பிட்டவர்கள்தான் நாமெல்லாம்.

இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸ் வீழ்ந்த பிறகு, 1940 செப்டம்பரில் பாண்டிச்சேரி கவர்னர் போன்வின், டி கோல் பக்கம் சேர்ந்தார். காலனி நீக்கம் பாடத்தில் இந்தோ-சீனா வரும். 1954 மே 7-ல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. ஜூலையில் ஜெனீவா உடன்பாடு. அக்டோபரில் கீழூர். ஆசியாவின் பெரிய காலனியே கைவிட்டுப் போகும்போது இந்தக் கடற்கரைத் துண்டை எதற்குப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? இணைப்புக்கு உள்ளூர்ப் போராட்டமும் இந்தியாவின் அழுத்தமும் முக்கியக் காரணங்கள். ஆனால் வியட்நாமைச் சேர்க்காமல் அந்த ஆண்டைப் புரிந்துகொள்ள முடியாது. 1962-லும் அப்படித்தான். ஜூலை 5-ல் அல்ஜீரியா விடுதலை, ஆகஸ்ட் 16-ல் பாண்டிச்சேரி.

விடைத்தாளில் என்ன எழுதுவது?

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. 1815 ஒப்பந்தத்தை விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. திருத்துகிறவர் கையில் இருப்பது விடைக்குறிப்பு. அதில் உள்ள செய்திகள்தான் எண்ணப்படும். ஆகவே புத்தகத்தில் உள்ளதைத்தான் எழுத வேண்டும். உள்ளூர்க் கதை விடைத்தாளுக்கு இல்லை, தலைக்குள் வைத்துக்கொள்வதற்கு.

நான் செய்வது இது. ஒவ்வொரு அலகுக்கும் முதலில் பக்கத்து இடம் ஒன்று. அதைப் பற்றி ஒரு "ஏன்". பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, நடந்ததை ஆண்டு வரிசையில் ஒரு காலக்கோடாக நோட்டில் போடச் சொல்வேன். ஒவ்வொரு ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் நடுவில் "அதனால" என்ற சொல்லைப் போட முடிகிறதா என்று பார்க்கச் சொல்வேன். 1919 ரௌலட் சட்டம், அதனால ஏப்ரல் 13 ஜாலியன் வாலாபாக் கூட்டம்... இப்படி. "அதனால" போட முடியாத இடம்தான் புரியாத இடம். அங்கே மட்டும் பாடத்தைத் திரும்பப் படித்தால் போதும். கடைசியாகத்தான் கைடு, அதுவும் பாயின்ட் விட்டுப்போயிருக்கிறதா என்று சரிபார்க்க.

இந்த முறையில் எல்லாரும் 100 எடுக்க மாட்டார்கள். ஆனால் 35-க்குப் போராடுகிற பிள்ளைக்குத்தான் இது அதிகம் உதவுகிறது. நன்றாக மனப்பாடம் பண்ணுகிறவர் எப்படியும் தாண்டிவிடுவார். வராதவர், தனக்கு அறிவு இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் அவருக்கு இல்லாதது பிடிமானம்தான். உப்பளத்தில் வேலை பார்க்கிற குடும்பத்துப் பெண், உப்புச் சட்டத்தைப் பற்றி எழுதத் தெரியாமல் ஃபெயில் ஆவது எவ்வளவு பெரிய அநியாயம்!

தேர்வு முடிந்த விடுமுறையில் முடிந்தால் இரண்டு இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்க. ஒன்று கீழூர் நினைவிடம். இன்னொன்று மரக்காணம். ஏப்ரல், மே மாதத்தில் உப்பு வாருகிற நேரம். அங்கே உள்ள பூமீஸ்வரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன, அதையும் காட்டலாம். பதினோராம் வகுப்பில் வரலாறு எடுக்கிற பிள்ளை யாராவது இருந்தால், உப்பளத்தில் வேலை செய்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லுங்க: ஒரு மூட்டை உப்புக்கு உங்களுக்கு என்ன கிடைக்கிறது? அதைக் கடையில் நாம் கொடுக்கிற விலையோடு வைத்துப் பார்த்து அந்தப் பிள்ளையே ஒரு பக்கம் எழுதட்டும். அதற்கு மதிப்பெண் கிடையாது.