பாடாங் கோத்தாவில் ஒரு நடுகல்



பினாங்கு ஜார்ஜ் டவுனில், கடலை ஒட்டிக் கிடக்கும் பாடாங் கோத்தா லாமா திடலுக்குப் போகாதவர் நம்மில் மிகச் சிலரே. காற்று வாங்கப் போகிறோம். பசெம்போர் தின்னப் போகிறோம். அங்கே நிற்கும் போர் நினைவுத்தூணை நின்று நோக்குவோர்தாம் குறைவு. முதல் உலகப் போரில் மடிந்தவர்களுக்காக 1929ஆம் ஆண்டு எழுப்பப்பெற்ற அத்தூண், இரண்டாம் உலகப் போரில் சிதைவுற்று, 1948இல் மீண்டும் எழுந்தது. ஆங்கிலத்தில் அதனைச் 'சினோட்டாப்' என்பர். வெறுங்கல்லறை என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். உடல் எங்கோ கிடக்க, நினைவுக்கு மட்டும் நிறுத்திய கல். போரில் பட்டவனுக்கு நடுகல் நாட்டிய தமிழர்க்கு இது புதிய செய்தி அன்று. யார் யாருக்காக அந்தக் கல் நிற்கிறது என்பதைத்தான் இன்று காணப் போகிறோம்.

இத்தீவைக் காக்க வந்த இந்தியப் படைவீரர் வரலாறு, 1786இல் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய நாளிலிருந்தே தொடங்குகிறது. லைட்டுடன் இந்தியச் சிப்பாய்களும் வந்தனர். பின்னர்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துக் காலாட்படைகள் இங்கு மாறி மாறிக் காவல் இருந்தன. இன்றும் 'சிப்பாய் லைன்ஸ்' என்றொரு சாலை நகரில் உண்டு. அவ்வழியே அன்றாடம் செல்வோர், அச்சிப்பாய்கள் யார் என்று வினவுவதில்லை.

1914ஆம் ஆண்டில் போர் நம் துறைமுகத்துக்குள்ளேயே வந்தது. நம் பாட்டிமார் சூழ்ச்சிக்காரனை 'அவன் ஓர் எம்டன்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எம்டன் என்பது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். அவ்வாண்டு செப்டம்பர் 22இல் சென்னையைக் குண்டுவீசித் தாக்கி, எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திய அதே கப்பல், அக்டோபர் 28ஆம் நாள் விடியற்காலையில், போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டு பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்தது. நங்கூரமிட்டிருந்த ஜெம்சுக் என்னும் ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. அக்கப்பலின் தலைவரோ அன்றிரவு கரையில் தங்கியிருந்தார்! வெளியேறும் வழியில் மூஸ்கே என்னும் பிரெஞ்சுக் கப்பலையும் அழித்தது. மாண்ட ரஷ்ய மாலுமிகளில் சிலரின் கல்லறை வெஸ்டர்ன் சாலை இடுகாட்டில் இன்றும் இருக்கிறது.

துறைமுக நகரத்துக்குக் காவல் எத்துணை இன்றியமையாதது என்பதை அந்த ஒரு விடியற்காலை காட்டியது. நீரிணைக் குடியேற்றங்களின் தொண்டர் படையில் பினாங்குக்கும் செபராங் பிறைக்கும் தனிப் பட்டாளம் இருந்தது. அதில் ஐரோப்பியர், யூரேசியர், சீனர், மலாய்க்காரர் எனப் பலரும் சேர்ந்தனர். அலுவலகத்திலும் கடையிலும் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு நேரத்தில் துப்பாக்கி தூக்கியவர்கள் இவர்கள். 1934இல் சிங்கப்பூரில் தோன்றிய கடற்படைத் தொண்டர் அணிக்கு 1938இல் பினாங்கில் ஒரு கிளை அமைந்தது. இன்றைய அரச மலேசியக் கடற்படை தன் மரபை இந்த அணியிலிருந்தே கணக்கிடுகிறது. அக்கடற்படைக்கு 1967இல் முதன்முதலாக உள்நாட்டவர் ஒருவர் தலைமை ஏற்றபோது, அவர் கே. தனபாலசிங்கம் என்னும் தமிழராய் இருந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

இனி 1941க்கு வருவோம். டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, ஜார்ஜ் டவுன் மக்கள் ஓடி ஒளியவில்லை. தெருவுக்கு வந்து வேடிக்கை பார்த்தனர். விமானத்தைச் சுடும் பீரங்கி நகரில் ஒன்றுகூட இல்லை. பல நூறு பேர் தெருவிலேயே மாண்டனர். 13ஆம் நாள் இரவு ஐரோப்பியப் பெண்களும் பிள்ளைகளும் அகற்றப்பட்டனர். 16ஆம் நாள் இரவு பட்டாளமும் போயிற்று. ஆசியத் தொண்டர் படையினரும் உடன் வரலாம். ஆனால், குடும்பத்தை விட்டுவிட்டு வரவேண்டும். பெரும்பாலோர் குடும்பத்தோடு தங்கிவிட்டனர். சீருடையைக் களைந்துவிட்டுப் பகைவன் வரவை எதிர்பார்த்து இருப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! போர்க்களத்தில் நிற்பதற்கு அது சற்றும் குறைந்ததன்று என்பது நம் கருத்து.

வானொலிக்கும் இக்கதையில் பங்குண்டு. சிங்கப்பூரிலிருந்து பேசிய பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கு மக்கள் பத்திரமாக அகற்றப்பட்டுவிட்டதுபோல் பேசினார். விட்டுச்செல்லப்பட்ட மக்களோ அவர் கணக்கில் வரவில்லை. அப்பேச்சு இந்நாட்டு ஆசிய மக்களின் உள்ளத்தைச் சுட்டது. அதே வேளையில், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியராயிருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி ஒரு குழு அமைத்து, கொள்ளையை அடக்கி நகரைக் காத்தார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். வெள்ளையர் அழிக்காமல் விட்டுச்சென்ற வானொலி நிலையத்தின் வழியாக, நகரில் படை எதுவும் இல்லை என்று ஜப்பானியருக்கு அறிவித்தார். குண்டுவீச்சும் நின்றது. 19ஆம் நாள் ஜப்பானியர் நுழைந்தனர். பின்னர் அவரைச் சிறையிலும் அடைத்தனர். கொடியை ஏற்றியவர்க்குப் பதக்கம் தரும் உலகம், கொடியை இறக்கி ஓர் ஊரைக் காத்தவரை எந்த வரிசையில் வைக்கும்?

அக்காலத்தில் நம் இளைஞர் பலர் வேறு கொடியின்கீழும் திரண்டனர். பினாங்கு வழக்கறிஞர் ந. ராகவன் பொறுப்பில், ஃபிரீ பள்ளிக் கட்டடத்தில் இயங்கிய சுயராஜ்யப் பயிற்சிக் கழகத்திலிருந்து சிலர் நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாறு சென்றவர்களுள் வக்கம் அப்துல் காதர் 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். பிரிட்டிஷார் நாட்டிய கல்லில் இத்தகையோரைத் தேடுவது வீண்வேலை.

போர் ஓய்ந்தபின் 1948 முதல் 1960 வரை அவசரகாலம். தோட்டங்களில் காவலிருந்த சிறப்புக் காவலர்களைப் பற்றித் தோட்டப் பெரியவர்கள் இன்னமும் பேசுவார்கள். அக்காலம் முடிந்த ஜூலை 31ஆம் நாளையே நாடு வீரர் நாளாகக் கொண்டாடுகிறது.

பாடாங் கோத்தாத் தூணில் பிற்காலத்தில் சேர்ந்த பொறிப்புகளுள் அவசரகாலமும், இந்தோனேசிய எதிர்ப்புக் காலமும் உள்ளன. அவற்றோடு மற்றொன்றும் உண்டு: சயாம் - பர்மா மரண ரயில். நேயர்களே, இங்குச் சற்றே நிற்போம். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு மலாயாவிலிருந்து 75,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பல்லாயிரவர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டனர். தாய்லாந்தின் கஞ்சனபுரியில் நேச நாட்டுப் படைவீரர் ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைக் கற்கள் உள்ளன. நம்மவர் கூட்டம் கூட்டமாகக் குழிகளில் இடப்பட்டனர். மிகப் பிற்காலத்தில்தான், அங்குள்ள ஒரு புத்த ஆலயத்தில் அவர்கள் நினைவாக ஒரு நடுகல் நிறுத்தப்பட்டது.

தோட்டப்பள்ளி ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் பிள்ளைகளிடம், சயாமுக்குப் போனவர் உங்கள் குடும்பத்தில் உண்டா என்று வீட்டில் கேட்டுவரச் சொல்வதுண்டு. 'சயாம் சடக்குக்குப் போனார், திரும்பவில்லை' என்று சிலர் எழுதி வருவர். பெயர் என்ன என்றால், பாட்டியைத்தான் கேட்கவேண்டும் என்பர். பாட்டி இருக்கும் வீடுகளிலிருந்து மறுநாள் பெயர் வந்துவிடுகிறது. அப்பெயரையும், அவர் பால் வெட்டிய தோட்டத்தின் பெயரையும் பள்ளியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து வருகிறோம்.