செப்பும் பந்தும்

வரவுசெலவுக் கணக்கில் அமைச்சர் ஒருவர் இல்லாததை இருப்பதாகக் காட்டினால், எமது பத்திரிகைகள் 'செப்படி வித்தை' என்று தலைப்பிடும். வீட்டில் இதையே சுத்துமாத்து என்போம். இரண்டும் வசைதான். ஆனால் செப்படி என்றால் என்ன என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் குறைவு.

பழைய வடிவம் 'செப்பிடு வித்தை'. செப்பு என்பது சிமிழ், சிறு கிண்ணம். பிள்ளைகள் மண்ணில் சோறு சமைத்து விளையாடும் 'சொப்பு'ச் சாமானில் இருப்பதும் இதே சொல்தான். செப்பை வைத்துச் செய்கிற வித்தை செப்பிடு வித்தை. மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்து, சிறு பந்துகளை அவற்றுக்கடியில் தோன்றவும் மறையவும் இடம் மாறவும் செய்கிற ஒரேயொரு வித்தையின் பெயர் அது. நாளடைவில் எல்லா ஏமாற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. மலையாளத்தில் மட்டும் பொருள் கெடவில்லை. அங்கே 'செப்பும் பந்தும்' என்றால் இன்றும் அந்த வித்தைதான். 1983 இல் மறைந்த வாழக்குன்னம் நம்பூதிரி கேரளத்தில் பெரும் பெயர் பெற்றது முக்கியமாக இதனால்தான்.

இது எமக்கு மட்டும் உரியது என்று யாரும் மார்தட்ட வேண்டியதில்லை. எகிப்தில் பெனி ஹசன் கல்லறைச் சுவரில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓவியம் ஒன்றில் இருவர் கவிழ்த்த கலங்களோடு குந்தியிருக்கிறார்கள். மஜிக் நூல்கள் பல அதையே முதற் சான்றாகக் காட்டும். அது வேறேதோ விளையாட்டு என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ரோமில் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த செனெக்கா எழுதியதில் ஐயமில்லை. தன் நண்பர் லூசிலியசுக்கு எழுதிய கடிதமொன்றில், சொற்சிலம்பம் ஆடும் தத்துவவாதிகளை அவர் கிண்ணமும் கூழாங்கல்லும் வைத்து வித்தை காட்டுபவனோடு ஒப்பிடுகிறார். தந்திரம் தெரிந்துவிட்டால் தனக்கு அதில் சுவை போய்விடும் என்றும் சொல்கிறார். கையால் வேலை செய்து பிழைக்கிறவன் என்ற வகையில் இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தந்திரம் தெரிந்த பிறகுதான் கையைப் பார்க்கவே தொடங்குகிறோம்.

தந்திரம் என்ன? பார்ப்பவர் நினைப்பதைவிட ஒரு பந்து கூடுதலாக இருக்கிறது. அவ்வளவுதான். மூன்று என்று நாம் எண்ணும்போது நாலாவது அவன் விரலிடுக்கில் இருக்கும். கிண்ணத்தைத் தூக்கி "ஒன்றும் இல்லை" என்று காட்டி மறுபடி கவிழ்க்கிற அந்தக் கணத்தில் அது உள்ளே போய்விடும். இதெல்லாம் இன்று இரகசியமில்லை. 1584 இல் இங்கிலாந்தில் ரெஜினல்ட் ஸ்கொட் பந்து, நாணயம், சீட்டு, கத்தி, நூல் என்று அன்றாடப் பொருட்களில் செய்கிற தந்திரங்களைப் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். சூனியக்காரிகள் என்று சொல்லி ஏழைக் கிழவிகளைத் தூக்கிலிட்ட காலம் அது. வியப்பானதெல்லாம் பேயின் வேலையல்ல, கைவேகத்தாலும் ஆகும் என்று காட்டுவது அவரது நோக்கங்களில் ஒன்று.

இந்தியச் செப்பின் அமைப்பு தனி. ஐரோப்பியக் கிண்ணம் உலோகத்தாலானது. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கலாம். மேசைக்குப் பின்னால் நின்று செய்வார்கள். கி.பி. 1500 அளவில் வரைந்ததாகக் கருதப்படும், பொஷ் என்ற ஓவியரின் பெயரால் வழங்கும் படத்தில் அந்த மேசையைப் பார்க்கலாம். குனிந்து வாய்பிளந்து நிற்பவனின் பணப்பையைப் பின்னால் ஒருவன் எடுத்துக்கொண்டிருப்பான். எமது பக்கத்துச் செப்பு கடைசல் மரத்தாலானது, தாழ்வானது, உச்சியில் ஒரு குமிழ் இருக்கும். குமிழை இரு விரல்களுக்கிடையில் பிடித்தால் மற்ற விரல்களுக்குள் பந்தை மறைத்து வைக்க இடம் கிடைக்கும். பந்து துணியாலானது, விழுந்தால் சத்தம் வராது, உருண்டும் ஓடாது. வித்தைக்காரன் தரையில் குந்தியிருப்பான். சுற்றிவர ஆட்கள். மேடையில்லை, திரையில்லை, ஒளிந்துகொள்ள மேசைகூட இல்லை.

அப்படிக் குந்தியிருந்து வித்தை காட்டிய கூட்டமொன்று 1813 இல் லண்டன் பால்மால் வீதியில் காட்சி நடத்தியது. செப்பும் பந்தும் காட்டினார்கள், வாளும் விழுங்கினார்கள். அக்காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்தவர்களுள் பெயர் பெற்றவர் 'ராமோ சாமி'. சென்னைப் பக்கத்து ராமசாமி என்று சொல்லப்படுகிறவர். பெயர் இப்படி உடைந்து போவதை எமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எமது பெயர்கள் குடிவரவுப் படிவங்களில் பட்ட பாடு எமக்குத் தெரியும். அவர் அமெரிக்காவுக்கும் போய் வித்தை காட்டினார், ஆங்கிலப் பெண்ணை மணந்தார், இங்கிலாந்திலேயே தங்கினார்.

1821 இல் வில்லியம் ஹாஸ்லிற் 'இந்திய வித்தைக்காரர்கள்' என்றொரு கட்டுரை எழுதினார். ஆங்கிலக் கட்டுரை இலக்கியத்தில் பேர்போனது. வெள்ளை உடையும் தலைப்பாகையுமாகத் தரையில் அமர்ந்து நாலு பித்தளைப் பந்துகளை வீசிப் பிடிக்கும் ஒருவரை அதில் வர்ணிக்கிறார். அவர் ராமோ சாமிதான் என்பது பலர் கருத்து. அந்தக் கையைப் பார்த்து ஹாஸ்லிற் வெட்கப்படுகிறார். இவ்வளவு சுத்தமாக என்னால் செய்யக்கூடியது எது என்று தன்னைக் கேட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொள்கிறார். பந்து விழுந்தால் விழுந்ததுதான். எழுத்தில் விழுந்ததை மறைத்துவிடலாம். இவ்வளவும் நேர்மையான பேச்சு. ஆனால் கட்டுரை அதோடு நிற்கவில்லை. கைத்திறன் வேறு, மேதைமை வேறு என்று பிரித்து, மேதைமையை வேறிடத்தில் வைக்கிறார். வாள் விழுங்குவதைப் பொலிஸ் தடுக்க வேண்டும் என்றும் எழுதுகிறார்.

பல்கலைக்கழகத்தில் இருந்த கொஞ்சக் காலத்தில் இதை வாசித்திருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். இப்போது ஒக்லாந்தில் ஒரு உணவகக் குசினியில் நிற்கிறேன். நான் வெங்காயம் வெட்டுவதைப் பார்த்து "மஜிக்" என்று வியந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். வியப்பு வேறு, மதிப்பு வேறு என்பது அங்கே நன்றாகத் தெரியும்.

ராமோ சாமி 1850 இல் வறுமையில் இறந்தார். அடக்கம் செய்யக் காசில்லாமல் மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்கவேண்டி வந்தது. கட்டுரை இன்றுவரை அச்சில் இருக்கிறது.

ஊரில் இருந்த வித்தைக்காரர்களுக்கும் நல்ல காலம் வரவில்லை. 1871 இன் குற்றப் பரம்பரைச் சட்டம் அலைந்து திரியும் சமூகங்கள் பலவற்றைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. 1911 இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அது நீக்கப்பட்டாலும், 1959 இன் பம்பாய்ப் பிச்சை தடுப்புச் சட்டம் தெருவில் பாடுவதையும் ஆடுவதையும் வித்தை காட்டுவதையும் பிச்சை என்றே வரையறுத்தது. அந்தச் சட்டம் நடைமுறையிலிருந்த டில்லியில், அதன் முக்கிய பிரிவுகளை உயர் நீதிமன்றம் செல்லாதவை ஆக்கியது 2018 இல்தான். அதற்கு முந்திய ஆண்டு, தெருவித்தைக்காரர்களும் பொம்மலாட்டக்காரரும் தலைமுறைகளாக வாழ்ந்த கட்புத்லி குடியிருப்பு அதே நகரில் இடிக்கப்பட்டுவிட்டது.

இங்கே நியூசிலாந்தில், கிறைஸ்ற்சேர்ச்சில் 1994 இல் தெருவித்தைக்காரர்களுக்கென்றே ஒரு சர்வதேச விழா தொடங்கினார்கள். உலகமெங்குமிருந்து ஆட்களை அழைத்தார்கள். அதே தொழில்தான், தொப்பியில் காசு விழுவதும் அதேதான். ஒரு நாட்டில் விழாவாக இருப்பது இன்னொரு நாட்டில் வழக்காக இருந்திருக்கிறது.

குமிழ் வைத்த மரச் செப்பு எனக்கு இங்கே அகப்படவில்லை. சாண்ட்றிங்ஹாம் வீதி இந்தியக் கடையொன்றில் மூன்று எவர்சில்வர் கிண்ணம் வாங்கினேன். பந்துக்கு, பழைய பாத்திரம் துடைக்கும் துணியைக் கிழித்து நூலால் இறுக்கிச் சுற்றினேன். வேலை முடிந்து குசினியைக் கழுவிவிட்ட பிறகு, பதினொரு மணியளவில், நேபாளப் பெடியன் ஒருவனும் நானும் பழகுகிறோம். எவர்சில்வர் வழுக்குகிறது, குமிழ் இல்லாததால் நாலாவது பந்தைப் பிடிக்கச் சின்னவிரல் வலிக்கிறது. இரண்டாவது கிண்ணத்தில் அவன் என்னை இன்னும் பிடித்துவிடுகிறான்.