வெளுத்தது செத்தது

அறந்தாங்கியில் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கோயில் திருவிழாவோ கல்யாண வீடோ, ஸ்விட்சைப் போட்டவுடன் ஆம்ப்ளிஃபயர் பேசாது. உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகளின் இழை சிவந்து காயவேண்டும். "சூடு ஏறட்டும்டா" என்பார்.

1939இல் திருச்சி வானொலி தொடங்கியது. அந்நாளில் வால்வெல்லாம் கப்பலேறி வந்த சரக்கு. 1961இல்தான் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது. வால்வின் மேல் எழுதியிருக்கும் 'இஎல் 84' என்பதில் 'இ' என்றால் இழைக்கு 6.3 வோல்ட், 'எல்' என்றால் ஒலிபெருக்கியை ஓட்டும் பவர் வால்வு. அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. இந்தக் குறியெல்லாம் அத்துப்படி.

டிரான்சிஸ்டர் வந்தது, வால்வு செட்டுகள் பரணேறின. இப்போது அவற்றைத் தேடி அலைகிறேன். வால்வின் கண்ணாடிக்குள் வெள்ளிப்பூச்சு தெரியும். மிச்சக் காற்றை உறிஞ்சும் பேரியம் அது. விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் பால்போல வெளுத்துவிடும். வெளுத்தது செத்தது. பூச்சு மின்னினால் மட்டும் போதுமா? ஒருமுறை ஒரு ஜோடி இஎல் 34 வாங்கி ஏமாந்தேன்: பெயர் புதிதாக அச்சடித்தது, உள்ளே வேறு சரக்கு.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ரேடியோ கிடந்தால், காயலான் கடைக்குப் போடுமுன் அதன் வால்வுகளை ஒருதரம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.