உபதேசியாருக்கு எட்டாத பட்டம்

சேரிச் சபைகளைத் தூக்கி நிறுத்தியவர்கள் ஆயர்கள் அல்லர், உபதேசியார்கள். ஓர் ஆயரின் கீழ் பல கிராமச் சபைகள் இருந்தன. அவர் திருவிருந்து கொடுக்க எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, சாவு வீட்டில் ஜெபித்து, மனு எழுதிக் கொடுத்தவர் உபதேசியார்தான். நம்மில் பலருடைய தாத்தாக்கள் அந்த வேலையைச் செய்தார்கள். ஆனால் திருவிருந்து கொடுக்கும் உரிமை அவர்களுக்குக் கிடையாது. அதற்குக் குருப்பட்டம் வேண்டும், குருப்பட்டத்துக்கு இறையியல் படிப்பு வேண்டும். அந்தப் படிப்புக்கோ ஊரையும் குடும்பத்தையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் விடுதியில் தங்க வேண்டும்.

இந்தியாவில் புராட்டஸ்டண்டு இறையியல் பட்டம் என்றாலே செராம்பூர்தான். 1818-இல் கேரியும் மார்ஷ்மனும் வார்டும் தொடங்கிய கல்லூரிக்கு, பட்டம் வழங்கும் உரிமையை 1827-இல் டென்மார்க் அரசர் கொடுத்தார். 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தால் செனட் உருவானது. பட்டம் வந்துவிட்டது. உபதேசியார் கைக்குத்தான் வரவில்லை.

பூட்டு வேறொரு நாட்டில் திறந்தது. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் பிரஸ்பிட்டேரியன் சபையாருக்கு இதே சிக்கல். கிராமச் சபைகளை உண்மையில் நடத்திக்கொண்டிருந்தவர்கள் குடும்பஸ்தர்கள், விவசாயிகள், மாயா பழங்குடியினர். அவர்களால் தலைநகரில் வந்து தங்கிப் படிக்க முடியவில்லை. தலைநகரில் படித்தவர்களில் பலர் கிராமத்துக்குத் திரும்பவில்லை. முதலில் செமினரியையே கிராமப்புறத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை. 1963-இல் ஆசிரியர்களே மாணவர்கள் இருக்கும் இடத்துக்குப் போனார்கள். வாரம் முழுக்க வேலைக்கு நடுவே வீட்டில் பாடம், வாரத்தில் ஒரு நாள் கூடிப் பேசுதல். விரிவாக்க இறையியல் கல்வி பிறந்தது இப்படித்தான். மாணவனைத் தேடிப் பள்ளி போனதுதான் இதில் புதுமை.

1971-இல் பெங்களூரில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கியது. செராம்பூர் செனட்டும் பின்னாளில் தொலைவிலிருந்தே படிக்கும் பட்டங்களை வைத்தது. நல்லது. ஆனால் பெங்களூரில் பட்ட நிலைப் பாடம் ஆங்கிலத்தில் தொடங்கியது, வட்டார மொழிகளுக்கு முதலில் கிடைத்தது சான்றிதழ் நிலை. அலுவலகத்தில் வேலை பார்க்கும் விசுவாசிக்குப் பட்டம், கிராமத்து ஊழியருக்குச் சான்றிதழ். சாதி என்ற சொல் எங்குமே எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

1981-இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையைத் தலித் இறையியலின் தொடக்கமாகச் சொல்கிறோம். 1987-இல் சென்னை குருக்குல் கல்லூரியில் அதற்கெனத் துறையே வந்தது. சேரியின் வலி பாடமானதில் நமக்குப் பெருமைதான். அந்தப் பாடத்தைச் சேரியில் இருந்தபடியே படிக்க வழி இருந்ததா என்றும் கேட்கத்தான் வேண்டும்.

நாம் அறிந்த ஓர் ஊழியர் பகலில் ஐந்து கிராமங்களுக்கு சைக்கிள் மிதித்தார், இரவில் படித்தார். பல ஆண்டுகள் ஆயின. பட்டத்தோடு குருப்பட்டத் தேர்வுக்குப் போனபோது, ஐந்து கிராமங்களைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. எந்தக் கல்லூரி விடுதியில் தங்கினீர் என்று கேட்டார்கள்.